பச்சைக் கோடு

பிரான்ஸில் இருக்கும் நண்பன் ஒரு வரைபடம் அனுப்பியிருந்தான். புதுச்சேரிக்காரன். 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்டவர்களில் அவன் தாத்தாவும் ஒருவர். அந்த ஒரு கையெழுத்தின் பலனாகப் பேரன் இப்போது லுவார் நதிக்கரையில் ஒரு சின்ன ஊரில் வேலை பார்க்கிறான். சனி, ஞாயிறுகளில் சைக்கிளில் சுற்றுகிறான். அவன் சுற்றுகிற பிரதேசத்தின் படம்தான் அது. மிஷெலின் கம்பெனி அச்சிட்டது. டயர் செய்கிற கம்பெனி ஊர்ப்படம் அச்சிடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. டயர் தேய வேண்டுமானால் ஜனங்கள் ஊர் சுற்ற வேண்டும். அந்தப் படத்தில் பெரிய சாலைகள் சிவப்பு, சிறியவை மஞ்சள், அதற்கும் சிறியவை வெள்ளை. சில சாலைகளின் ஓரமாக மட்டும் ஒரு பச்சைக் கோடு கூடவே ஓடுகிறது. கோடு இருந்தால் அந்தச் சாலை அழகானது என்று அர்த்தம்.

யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து இது அழகு, இது அழகில்லை என்று தீர்மானித்துக் கோடு இழுத்திருக்கிறார். விமர்சகனின் காரியத்தை இத்தனை சுருக்கமாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை. மறுப்புக் கடிதம் வராது. க.நா.சு.வின் பட்டியல்கள் எனக்கு ஞாபகம் வந்தன. அவருக்காவது ஆயுள் முழுவதும் மறுப்புக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன.

படத்தோடு நண்பன் எழுதியிருந்தான். லுவார் கரையோடு ஏறக்குறைய 900 கிலோமீட்டருக்குச் சைக்கிள் தடம் போட்டிருக்கிறார்களாம். மேடு பள்ளம் இல்லை. கார்கள் வராத கிளைச் சாலைகளாகப் பொறுக்கியெடுத்து ஒன்றோடொன்று கோத்திருக்கிறார்களாம். மைல் கணக்கில் மனித அரவமே இல்லாமல் போகலாமாம். கடைசியில் ஒரு வரி: 'உங்கள் ஊரில் சத்தமில்லாத சாலை எது? அடுத்த முறை வரும்போது வருகிறேன். பச்சைக் கோடு போட்டு ஒரு படம் அனுப்பு.'

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்றுதான் நினைத்தேன். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் போயின. படம் போகவில்லை.

கள்ளக்குறிச்சி ஒரு நதிக்கரை ஊர் என்பதை ஊர்க்காரர்களுக்கே ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. 2019 நவம்பரிலிருந்து மாவட்டத் தலைநகர். பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, நகைக்கடைகள், கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ் என்று எல்லாம் தெரியும். ஆறு எங்கே என்று கேட்டால் பாலத்தைக் காட்டுவார்கள். கோமுகி கல்வராயன் மலையில் பொட்டியம், மாயம்பாடி, கல்படைப் பக்கத்து ஓடைகளாகப் பிறந்து, கச்சிராயபாளையத்தருகே அணையில் தேங்கி, ஊரைத் தொட்டுக்கொண்டு கிழக்கே போகிறது. மணிமுக்தாவோடு சேர்ந்து, பின்பு வெள்ளாற்றில் பெயரைத் தொலைத்துவிட்டு, பரங்கிப்பேட்டையருகே கடலுக்குப் போய்விடுகிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் தண்ணீர் இராது. சீமைக்கருவேலும் நாணலும் இருக்கும். லுவாரும் கோடையில் மணல்திட்டுகளாகக் கிடக்கும் நதிதான் என்று நண்பன் எழுதுகிறான். ஆறுதலுக்குச் சொன்னானோ என்னவோ.

என் சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஹெர்குலிஸ், என் அப்பாவினுடையது. 2006இல் நான் ப்ளஸ் ஒன் சேர்ந்தபோது அரசாங்கம் கொடுத்த சைக்கிள் ஒன்றும் இருந்தது. பி.ஏ. முதல் வருஷத்தில் பரீட்சைப் பணம் கட்டுவதற்காக அதை விற்றுவிட்டேன். எனக்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் அப்படி விற்றிருப்பார்கள்; அந்தப் பணத்தில் எத்தனை பேர் ஷேக்ஸ்பியர் படித்தார்கள் என்று சொல்ல முடியாது. அப்பாவின் வண்டிக்கு வயது என்னைவிட அதிகம். சீட்டுத் தோல் அவருடைய உடம்புக்குப் பழகிய குழிவோடு இருக்கிறது. எனக்கு அது ஒருபோதும் சரியாக வாய்க்கவில்லை. ஆறு வயதில் இந்த வண்டியின் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுத்தான் கற்றுக்கொண்டேன். உடம்பை ஒரு பக்கமாக முறுக்கி, சீட்டுக்கு எட்டாமல், அரைவட்டம் அரைவட்டமாக மிதித்துக்கொண்டு போகும் அந்த வித்தைக்குத் தமிழில் இப்படி ஒரு வார்த்தை இருப்பது எனக்குச் சந்தோஷம் தருகிறது. மிதிவண்டி என்று யாரும் சொல்வதில்லை. துவிச்சக்கர வண்டி என்று எழுதியவர்கள் அதில் ஏறியிருப்பார்களா என்பதே சந்தேகம்.

கியர் கிடையாது. பால் தெ விவி என்ற பிரெஞ்சுக்காரர் (1853–1930) வெலோசியோ என்ற புனைபெயரில் சைக்கிள் பயணத்துக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார். மலை ஏற வேண்டுமானால் ஒன்றுக்கு மேற்பட்ட பல்சக்கரம் வேண்டும் என்று அதில் ஓயாமல் எழுதினார். எதிரணியில் இருந்தவர்களோ கியர் என்பது கிழவர்களுக்கும் நோஞ்சான்களுக்கும் என்றார்கள். 1903இல் தொடங்கிய புகழ்பெற்ற அந்த ஓட்டப்பந்தயத்தில் டெரெயிலர் கியரை 1937 வரை அனுமதிக்கவில்லை. சிறுபத்திரிகை ஒன்று சொன்னதை உலகம் ஒப்புக்கொள்ள எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு இது ஒரு கணக்கு. நமக்கு இதைவிட நல்ல கணக்கு கிடையாது. என் ஹெர்குலிஸ் 1937க்கு முந்தைய கட்சி. ஏற்றத்தில் இறங்கித் தள்ளு என்பதுதான் அதன் கோட்பாடு.

முதல் ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்பே கிளம்பினேன். கச்சிராயபாளையம் சாலை சத்தமில்லாத சாலை அல்ல. அரைவைக் காலத்தில் நிச்சயமாக இல்லை. கச்சிராயபாளையத்தில் ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, மூங்கில்துறைப்பட்டில் இன்னொன்று. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. பாரத்தின் நுனிகள் சாலையின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும். டிரைவர் தூங்காமலிருக்கச் சினிமாப் பாட்டு வைத்திருப்பார். அது அவருக்கு மருந்து. எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு டிராக்டர் முந்திப்போகும்போது கரும்புத் தோகை என் முழங்கையைக் கீறிவிட்டது. ஆலையை நெருங்கும்போது அந்த வாசனை வருகிறது. இனிப்பும் புளிப்புமாக, கொஞ்சம் அழுகலாக. நண்பனின் படத்தில் வாசனைக்கு வர்ணம் இல்லை.

ஆகவே அடுத்த வாரம் சாலையை விட்டு விலகினேன். அணையிலிருந்தும் ஆற்றின் சிறு தடுப்பணைகளிலிருந்தும் வாய்க்கால்கள் பிரிந்து ஏரிகளுக்குப் போகின்றன. வாய்க்காலுக்குக் கரை உண்டு. கரை என்றால் ஒற்றையடிப் பாதையும் உண்டு. ஒரு ஏரியின் கோடியில் இறங்கினால் அடுத்த ஏரிக்குப் போகும் வாய்க்காலின் கரை அகப்படும். நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. தண்ணீர் போகத் தெரிந்த வழியில் சைக்கிளும் போகும், அவ்வளவுதான். தண்ணீர் மேட்டில் ஏறாது. கியர் இல்லாதவனுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. பனைமரங்கள், நடவு முடிந்த வயல், மடைத்தூம்பில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி. இங்கே ஒரு கோடு போடலாம் என்று முதன்முறையாகத் தோன்றியது. சட்டைப்பையில் பச்சைப் பேனாகூட இருந்தது. வங்கியில் அதிகாரிகள் மட்டும் பிடிக்கிற பேனா. மேசையிலிருந்து எடுத்து வந்திருந்தேன்.

வாய்க்கால் கரை முடிந்து ஒரு கிராமத்துத் தார்ச்சாலையில் ஏறினேன். சாலை முழுவதும் உளுந்துச் செடி பரப்பிக் கிடந்தது. நூறடி நீளத்துக்கு, ஒரு ஓரம்கூட விடாமல். போகிற வண்டிகளின் சக்கரம் ஏறி ஏறிக் காய் வெடித்து மணி உதிரும். கல்கட்டிய களங்கள் இடிந்துபோன பிறகு எங்கள் பக்கத்தில் சாலைதான் களம். உளுந்து, கொள்ளு, கம்பு எல்லாவற்றுக்கும் அதே தார். மக்காச்சோளத்தைக் காய வைப்பதற்கும் அதே தார். இதனால் மோட்டார் சைக்கிள்காரர்கள் சறுக்கி விழுவதும் உண்டு, சண்டை வருவதும் உண்டு. நான் இறங்கி, மிதிக்காமல், ஓரமாகக் காலை எட்டி வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். பிறர் உழைப்பை மிதிக்கக் கூடாது என்ற நாகரிகம். புளியமரத்தடியில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மாள் சத்தம் போட்டாள்.

"ஏன் தம்பி, ஏறி ஓட்டிக்கினு போயேன். எதுக்குப் போட்டு வச்சிருக்குது?"

ஏறி ஓட்டினேன். செடிக்குள் சக்கரம் புதைந்து இழுத்தது. திரும்பி வந்து இன்னொரு முறை ஓட்டினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "உன் வண்டிக்கு அது வெடிக்காதுப்பா, நீ போ. லாரி எதுனா வரும்," என்றாள். பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

சத்தமில்லாத சாலையைத் தேடிப் போனவன் நான். அவள் அந்தச் சாலையில் லாரிக்காகக் காத்திருக்கிறாள். அன்றைக்கு ஒரு மணி நேரம் அந்தப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மோட்டார் சைக்கிள்களும் ஒரு மினி பஸ்ஸும்தான் வந்தன. பஸ் வந்தபோது அவர்கள் முகத்தில் தெரிந்த திருப்தியைப் பார்க்க வேண்டும். ஒரு சாலையின் அமைதி அந்தச் சாலைக்காரர்களுக்கு நஷ்டமாக இருக்கக்கூடும் என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. பேனாவை எடுக்கவில்லை.

இங்கே கொஞ்சம் நம்முடைய விவகாரத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கங்களைப் படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி நான் எழுதிய கட்டுரையில் 'மௌனம்' என்ற வார்த்தை பதினொரு தடவை வருகிறது. எண்ணிப் பார்த்தேன். வரிகளுக்கிடையே உள்ள மௌனம், மொழியின் எல்லையில் உள்ள மௌனம், பொருளைக் கடந்த மௌனம். அந்தக் கவிஞர் சந்தோஷப்பட்டுக் கடிதம் எழுதினார். கிராமத்துச் சாலையும் பனைமரமும் அந்தியும் உள்ள ஒரு கவிதையை முழுசாக எடுத்துப் பிரித்து, அதில் மனிதரே இல்லாதிருப்பதை அதன் சாதனையாக நிறுவியிருந்தேன். எலியட்டைப் படித்த காதால் எல்லாவற்றையும் கேட்கிற பழக்கம். எங்கள் தலைமுறையில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு அது ஒரு தொழில்வியாதி.

இந்த விஷயத்தில் இன்னொரு ஊனமும் இருக்கிறது. தமிழில் எழுத்தின் போக்குக்கு நாம் 'நடை' என்கிறோம். கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம், சேலத்திலிருந்து, 1968இல் சி. மணியின் முயற்சியால் வந்த பத்திரிகைக்குப் பெயரே 'நடை'. நல்ல பெயர். நடக்கிறவனுக்கு எதிரே வருகிறவனோடு பேசுவதற்கு அவகாசம் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவன் பேச வேண்டியதில்லை. சைக்கிள்காரன் இரண்டுங்கெட்டான், முகம் தெரிகிற அளவுக்கு மெதுவாகவும், பதில் சொல்லாமல் கடந்துவிடுகிற அளவுக்கு வேகமாகவும் போகிறான். என் விமர்சனம் இத்தனை வருஷமாக அந்த வேகத்தில்தான் போயிருக்கிறது என்று எனக்குச் சந்தேகம்.

நான்காவது ஞாயிறு அணையைத் தாண்டினேன். 46 அடி அணை. நிரம்பும்போது நீர்ப்பரப்பு மலையடிவாரம் வரைக்கும் போய்விடும். மாசி மாதம், தண்ணீர் பின்வாங்கி, கரையில் வெடித்த சேறு. மேற்கே கல்வராயன். மேற்குச் சரிவு சேலத்துக்கு, கிழக்குச் சரிவு எங்களுக்கு. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். பெயரில் ராயன் இருக்கிறானே தவிர ராஜ்யம் மூன்று ஜாகீர்களாக இருந்தது: சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன். இந்தியா சுதந்திரம் அடைந்து ஏறக்குறைய முப்பது வருஷம், 1976 வரை, மலைமேல் அவர்களுடைய ஆட்சிதான். நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் அரசாங்கம் இந்த மலையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. எல்லோருடைய உரிமையும் போயிருந்த வருஷத்தில் இவர்கள் பிரஜைகளானார்கள். மலையில் இருப்பவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தோடு சம்பந்தமில்லை, மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில். காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக அவர்களுடைய கதை சொல்கிறது. சாமை, தினை, மரவள்ளி, கடுக்காய், புளி. வெள்ளிமலைதான் அவர்களுக்குத் தாலுகா ஊர்.

அணை தாண்டிச் சாலை மலையில் ஏறத் தொடங்குகிறது. வெலோசியோவின் வார்த்தைக்கு மரியாதை செய்து இறங்கித் தள்ளினேன். மூங்கில், இலை உதிர்த்துவிட்ட மரங்கள். மாசியில் கல்வராயன் பச்சை இல்லை, துருநிறம். ஒரு வளைவில் நின்று மூச்சு வாங்கியபோது உண்மையிலேயே சத்தமில்லை. இலைமேல் இலை விழுகிற சத்தம் மட்டும். இதுதான் என்று நினைத்தேன். நண்பனின் மைல் கணக்கான அமைதி இங்கே இருக்கிறது.

இன்னும் மேலே ஒரு டீக்கடை. கூரைக்கு முன்னால் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த குரல் வளைவு திரும்புமுன்பே கேட்டது. யாரோ எதற்கோ உரக்கச் சிரித்தார்கள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணில் பட்டதும் பேச்சு நின்றது. கொஞ்சங்கொஞ்சமாக அல்ல, கத்தரித்தாற்போல. ஒருவர் எழுந்து கடைக்குப் பின்னால் போனார். இன்னொருவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு மேலே போய்விட்டார். டீ கேட்டேன். வந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. டம்ளரைப் பலகையில் வைத்த ஓசை எனக்கே கூச்சமாக இருந்தது.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாகச் சிதை எரிந்ததை ஊரே பார்த்தது. எங்கள் ஊருக்கு ஆறு இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது. மெத்தனால் மலையில் காய்ச்சப்படும் பொருள் அல்ல, தொழிற்சாலைச் சரக்கு. ஆனால் கல்வராயன் என்றாலே சாராய ஊறல் என்று வெகுநாளாக ஒரு பேர் இருக்கிறது. ஆகவே ரெய்டு மலைக்கும் வந்தது. அதற்குப் பிறகு மலைச்சாலையில் தெரியாத முகம் என்றால் மதுவிலக்கு போலீஸ், இல்லையென்றால் தகவல் சொல்கிறவன், அதுவும் இல்லையென்றால் பத்திரிகைக்காரன். சைக்கிளில் வருகிறவன் இன்னும் சந்தேகத்துக்குரியவன். பிழைப்பில்லாமல் யார் ஞாயிற்றுக்கிழமை கியர் இல்லாத சைக்கிளை மலைமேல் தள்ளிக்கொண்டு வருவான்?

அந்த மௌனத்தை நான் பதினொரு தடவை எழுதியிருக்கிறேன். அதை உண்டாக்கியது நான்தான் என்பதை ஒரு தடவைகூட எழுதவில்லை. கீழே வளைவில் நின்று ரசித்தேனே, அந்த நிசப்தத்திலும் எத்தனை பங்கு என்னால் வந்தது என்று தெரியவில்லை. விறகு வெட்டிக்கொண்டிருந்த யாரோ என் வண்டிச் செயினின் கிறீச்சைக் கேட்டு அரிவாளை நிறுத்தியிருக்கலாம்.

கடைக்குப் பின்னால் போனவர் திரும்பி வந்தார். ஐம்பது வயதிருக்கும். என்னை உற்றுப் பார்த்தார்.

"சார் பேங்கு சாருதான?"

ஆமாம் என்றேன்.

"அட, நம்ம பேங்கு சாரு," என்றார் மற்றவர்களிடம். பிறகு என்னிடம், "என்னா சார், இம்மாந்தூரம் சைக்கிள்லயா? பஸ்ஸு இருக்குதே."

பேச்சு மறுபடி தொடங்கியது. எங்கே வேலை, என்ன சம்பளம், கல்யாணம் ஆயிற்றா, குழந்தை எத்தனை, எதற்கு சைக்கிள், சர்க்கரை வியாதியா. சர்க்கரை வியாதி என்று ஒப்புக்கொண்டேன். அது ஒன்றுதான் அங்கே எல்லோருக்கும் புரிகிற காரணமாக இருந்தது.

எனக்கும் அவரைத் தெரிந்தது. ஒரு வருஷத்துக்கு முன்பு பயிர்க்கடனுக்கு வந்திருந்தார். மேலாளர் மேசைக்குப் போகுமுன் காகிதங்கள் என் மேசைக்கு வரும். பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்: ஆதார், ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ், பையனின் பள்ளிக்கூடச் சான்றிதழ், வீட்டுவரி ரசீது. நிலத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் காகிதம் இருந்தது. தாத்தா உழுதது, அப்பா உழுதது, மூன்று ஏக்கர் மரவள்ளி. பட்டா இல்லை. ஒரு கணக்கில் அது காடு. 2006இல் வந்த வன உரிமைச் சட்டப்படி மனுக் கொடுத்திருக்கிறார். மனு கொடுத்ததற்கு அத்தாட்சி இருந்தது. ஜாகீர் காலத்தில் தாத்தா வரி கட்டினாராம். "அதுக்கு எது சார் ரசீது," என்று சிரித்தார். நான் 'உரிய ஆவணம் இணைக்கப்படவில்லை' என்று பென்சிலால் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். விதிப்படி சரி. அவர் ஒன்றும் சொல்லாமல் காகிதங்களை அதே வரிசையில் பையில் அடுக்கிக்கொண்டு போனார். பொறுமைசாலி என்று அன்றைக்கு நினைத்தேன். மாலையில் வீட்டுக்குப் போய் மௌனம் பற்றிய கட்டுரையின் கடைசிப் பத்தியை எழுதினேன். இதை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. என் நோட்டுப் புத்தகத்தில் தேதி இருக்கிறது.

டீக்கடையில் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நான்தான் கேட்டேன், பட்டா வந்ததா என்று. வரவில்லை. சம்சாரத்தின் தோட்டை வைத்துக் கடன் வாங்கினாராம். எங்கள் கிளையில்தான். நகைக்கடன் கவுண்டர் வேறு, நான் பார்க்கவில்லை. தோட்டுக்கும் காகிதம் கிடையாது, ஆனால் உரைகல் பார்த்தால் போதும். உயர் நீதிமன்றம் 2024இல் இந்த மலை ஜனங்களின் நிலைமையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டதைப் பற்றி ஒருவர் சொன்னார். சாலை போடுவார்கள் என்றார். இன்னொருவர், சாலை வந்தால் ஆம்புலன்ஸ் வரும் என்றார். மூன்றாமவர், போலீஸும் சீக்கிரமாக வரும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மலை எதிரொலித்தது. பச்சைக் கோட்டுக்கு அது பொருந்தாத இடம், அவ்வளவு சத்தம்.

அந்தக் கட்டுரையில் எழுதியதை இப்போது வாபஸ் வாங்குகிறேனா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். முழுசாக இல்லை. கவிதையில் சொல்லாமல் விடுவதற்கு ஒரு இடம் இருக்கிறது என்பதை இப்போதும் நம்புகிறேன். ஆனால் சொல்லாமல் விட்டவன் யார், சொல்ல முடியாதவன் யார், சொல்லிக்கொண்டிருந்துவிட்டு நம்மைப் பார்த்ததும் நிறுத்தியவன் யார் என்பதை நான் பிரித்துப் பார்க்கவில்லை. மூன்றுக்கும் ஒரே வார்த்தையைப் போட்டேன். அந்தக் கவிதையின் பனைமரச் சாலையில் மனிதர் இல்லை என்றேன். இருந்திருப்பார்கள், சைக்கிள் வருவதைப் பார்த்து விலகியிருப்பார்கள். கவிஞர் அதை எழுதியிருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. நான் அதைக் கேட்டிருக்க வேண்டும். லுவார் கரையின் அமைதிக்கும் இப்படி ஏதாவது பூர்வகதை இருக்கும். கிராமத்துப் பிள்ளைகள் நகரத்துக்குப் போய், பள்ளிக்கூடம் மூடி, ரொட்டிக்கடை மூடி, பிறகு வந்த அமைதியாக இருக்கலாம். நண்பனைக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

இறங்கும்போது பின்பிரேக் கட்டை தேய்ந்து விளிம்போடு விளிம்பு உரசியது. மலைச்சாலை முழுவதும் அந்தக் கிறீச்சல். டீக்கடைக்காரர் ஒரு பழைய ரப்பர் செருப்பை அறுத்துத் துண்டு கொடுத்து, பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார். கட்டினேன். ரப்பர் எரிகிற வாசனையோடு அணை வரைக்கும் வந்தது. உளுந்துச் சாலையில் அன்றைக்கு உளுந்து இல்லை, பெருக்கி எடுத்துப்போய்விட்டார்கள். தாரின் பிளவுகளில் மிச்சமிருந்த மணிகளைப் புறாக்கள் பொறுக்கிக்கொண்டிருந்தன. மணி அடித்தேன்; நகரவில்லை. சுற்றிக்கொண்டு போனேன்.

அடுத்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வங்கிக்கு வந்தார். வட்டி கட்டுவதற்கு. நகைக்கடன் வரிசையில் நின்றுகொண்டிருந்தவர், நடுவில் எட்டு மேசை இருப்பதையும் பொருட்படுத்தாமல், அங்கிருந்தே உரக்கக் கேட்டார்:

"சார், சைக்கிளு பிரேக்கு போட்டீங்களா?"

மேலாளர் தலை நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் போடவில்லை என்றேன். கேட்கவில்லை போலிருக்கிறது, காதில் கையை வைத்தார். எழுந்து நின்று, உரக்க, "இன்னும் போடலைங்க," என்றேன்.